கூட்டித் துடைத்த அரங்கு

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோப்பெங் என்னும் சிற்றூர், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் உலகச் சந்தையை ஆண்ட காலத்தில் பெரும்பேர் பெற்றிருந்தது. மண்ணைக் கரைத்து ஈயத்தை அரித்தெடுத்த பள்ளங்கள் இன்று குளங்களாகக் கிடக்கின்றன. நம்மவருடைய பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து பால்வெட்டிய ரப்பர்த் தோட்டங்களிற் பல, செம்பனைத் தோட்டங்களாகவும் வீட்டுமனைகளாகவும் வேடம் மாறிவிட்டன. மனிதன் கைபட்ட நிலமெல்லாம் இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு மூன்று அவதாரங்கள் எடுத்துவிட்ட போதிலும், ஊருக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் இன்னும் தன் பழைய பச்சையைப் பெரும்பாலும் உடுத்தியே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் உலு கெரோ என்னும் செமாய்ப் பூர்வகுடிகளின் கிராமம் இருக்கிறது. அங்கே மலரும் ரஃப்லேசியாவைக் காணவும், ராஜா புரூக் என்னும் கரும்பச்சைப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாய் இறங்குவதைக் காணவும் பயணிகள் வருகிறார்கள்.

அவர்கள் காண வருவன அவை. ஆனால் இத்தகைய மலையடிக் காடுகளில் விடியற்போதில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவனுக்கு, காணக் கிடைக்காத வேறொன்று கேட்கக் கிடைக்கும். நெடுந்தூரத்துக் குன்றின் முதுகிலிருந்து, ஒரு மனிதன் மற்றொருவனைக் கூவி அழைப்பது போன்ற, இரண்டே அசைகள் கொண்ட, கணீரென்ற குரல் ஒன்று எழும், சற்று நேரம் ஓயும், மறுபடியும் எழும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டக்கூடிய அந்தக் குரலையே மலாய் மக்கள் பெயராக்கி அதற்குரிய பறவையைக் ‘குவாங்’ என்றும் ‘குவாவ்’ என்றும் அழைக்கிறார்கள். விஞ்ஞானிகளோ, கிரேக்க புராணத்தில் உடலெங்கும் நூறு கண்களோடு காவல் காத்த ஆர்கஸ் என்பானின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். 1766-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட பெயர் அது. மக்கள் அதன் குரலைக் கொண்டும், சாஸ்திரம் கண்போன்ற புள்ளிகள் நிறைந்த அதன் இறகைக் கொண்டும் பெயரிட்டன என்பது தற்செயலன்று. உயிரோடு ஆடும் அப்பறவையை நேரிற் கண்டவர் அக்காலத்தில் மிகச் சிலரே. காட்டில் வாழ்ந்தவருக்குக் குரல் கிடைத்தது, ஐரோப்பியருக்கு இறகு கிடைத்தது.

இது மிகையன்று என்பதற்கு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸே சாட்சி. டார்வினோடு ஒரே காலத்தில் பரிணாமத் தத்துவத்தைக் கண்டறிந்த அப்பெரியார், 1854-ஆம் ஆண்டில் மலாக்காவுக்கு அருகேயுள்ள ஓஃபிர் மலைக்குச் சென்றபோது ஆர்கஸ் பறவையைப் பெற நாடினார். குரல் கேட்டதேயொழிய உருவம் தென்படவில்லை. இருபது ஆண்டுகள் அந்தக் காடுகளில் பறவை சுட்டு வந்த முதிய மலாய்க்காரர் ஒருவர், தாம் ஒன்றையேனும் சுட்டதில்லை என்றும், கண்ணியில் அகப்பட்ட பின்னரன்றி உயிரோடு கண்டதே இல்லை என்றும் அவரிடம் கூறினாராம். உலகத்தின் மிகப்பெரிய நாட்டியக் கலைஞர்களில் ஒருவர் நம் அடுத்த தெருவில் குடியிருந்து, தினமும் பாடுவது கேட்டும், அவருடைய ஆட்டத்தை ஒருநாளும் பார்க்க முடியாமற் போனால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட நிலை இது.

இனி அந்தக் கலைஞரின் தோற்றத்தைச் சிறிது பார்ப்போம். ஆர்கஸ், நம் மயிலுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே கோழிக் குடும்பத்தின் அண்டைக் கிளைகள். ஆனால் மயிலுக்கு வாய்த்த பச்சையும் நீலமும் இதற்கு வாய்க்கவில்லை. கழுத்திலும் முகத்திலும் மயிரற்ற நீலத்தோல், உச்சியில் சிறிய கருங்கொண்டை. மற்றபடி உடல் முழுவதும் காய்ந்த சருகின் பழுப்பு. வால் நுனி வரை அளந்தால் ஆண்பறவை 2 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். பெண்ணோ நீண்ட வாலும் இறகும் இல்லாத சிறிய பறவை. மயிலின் தோகை, வாலை மேலிருந்து மூடும் இறகுகளின் வளர்ச்சி; ஆர்கஸின் தோகையோ அதன் சிறகிலேயே இருக்கிறது. பறப்பதற்கென்று ஏற்பட்ட சிறகின் உள்வரிசை இறகுகள், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து அகன்று, பறத்தலுக்குப் பெருந்தடையாகிவிட்டன. ஆடுவதற்காகத் தன் கால்களில் சலங்கையை நிரந்தரமாகத் தைத்துக்கொண்ட ஒருவன், ஓட வேண்டிய வேளையிலும் அதை அவிழ்க்க முடியாமல் தவிப்பதைப் போன்றது அதன் நிலை.

நாட்டியத்துக்கு முன் அரங்கு வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையை வாசித்தவர்கள், மாதவி ஆடிய அரங்குக்கு நிலம் தேர்ந்தெடுத்த விதத்தையும், எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அதற்கு வகுக்கப்பட்ட அளவையும் மறந்திருக்கமாட்டார்கள். காட்டுப் பறவையிடம் அளவுகோல் இல்லை. ஆயினும் இலக்கணம் இருக்கிறது. பெரும்பாலும் குன்றின் முதுகிலோ மேட்டின் தலையிலோ, குரல் நாற்புறமும் பரவக்கூடியதாய், அடிமரங்கள் நெருங்காததாய் ஓரிடத்தை ஆண்பறவை தெரிந்தெடுக்கிறது. எளிய வீடொன்றின் முற்றத்தளவு இருக்கும் அவ்விடத்திலிருந்து சருகுகளையும் சுள்ளிகளையும் அலகாற் பற்றி அகற்றியும், சிறகடித்து எழுப்பும் காற்றால் ஊதித் தள்ளியும், முளைக்கும் செடிகளைக் கொத்திப் பிடுங்கியும், வெறும் மண் தெரியும்படி அதைத் துலக்கிவைக்கிறது. மழைக்காட்டில் இலை உதிராத நாளில்லை. ஆகவே இந்தத் துப்புரவு ஒருநாள் வேலையன்று, ஆடும் பருவம் முழுவதும் நாள்தோறும் செய்யும் நித்திய கருமம். விடிவதற்குமுன் முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு, கானகத்தில் இத்தனை ஒழுக்கமாய் வாசல் கூட்டும் ஓர் ஆண் இருக்கிறான் என்று சொன்னால் நம்புவதற்குச் சிறிது நேரமாகும்.

இந்தச் சுத்தமே அதற்குச் சத்துருவும் ஆயிற்று. சீவிய மூங்கிற் பத்தை ஒன்றைக் கூர்முனை மேலாக அரங்கின் நடுவே நட்டுவைப்பது பழைய வேடர்களின் தந்திரம். தன் தரையில் அந்நியப் பொருள் ஒன்று நிற்பதைப் பொறாத பறவை, அதைப் பிடுங்க முயன்று, முடியாமற்போகக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பின்னோக்கி இழுக்கும். கத்தி போன்ற விளிம்பு கழுத்தை அறுத்துவிடும். ஒரு பிராணியைப் பிடிக்க அதன் பசியைப் பயன்படுத்துவது உலக வழக்கம். அதன் அரங்க மரியாதையையே தூண்டிலாக்கியது மனிதனின் சாமர்த்தியத்துக்குச் சான்று, பெருமைக்குச் சான்றன்று.

அரங்கில் நின்று ஆண் கூவுகிறது. பெண் வருகிறது, வரும் நாளைவிட வராத நாளே மிகுதி. வந்தபின் ஆட்டம் சட்டென்று தொடங்குவதில்லை. பாதங்களை அழுத்தி மிதித்து, பெண்ணைச் சுற்றி வளையமிட்டு நடப்பதும், தரையைக் கொத்துவதும், விலகுவதும், நெருங்குவதுமாக ஒரு பூர்வாங்கம் நடக்கிறது. பிறகு, யாரோ ஜதியை முத்தாய்த்தாற்போல, ஆண் பெண்ணின் எதிரே முன்னுடலைத் தாழ்த்தி, இரு சிறகுகளையும் ஒருங்கே முன்னோக்கி விரித்து நிமிர்த்துகிறது. அந்தக் கணத்தில் பறவை மறைந்துபோகிறது. தலையும் உடலும் கால்களும் பின்னே ஒளிந்துகொள்ள, பெண்ணின் முன்னால் நிற்பது பெருங்குடை ஒன்றைக் கவிழ்த்துச் சாய்த்தாற்போன்ற ஓர் இறகுக் கிண்ணம். அதற்கு மேலே இரண்டு நீண்ட வாலிறகுகள் கொடிபோல் உயர்ந்து ஆடுகின்றன. கிண்ணமெங்கும் வரிசை வரிசையாகக் கண்கள். இறகுகள் நடுங்கும்போது அவை உராயும் ஓசையும் கேட்கிறது. ஆடுபவன் தன்னை அடியோடு மறைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் நிறுத்துவதே இதன் விசித்திரம். திரைக்குப் பின்னால் நின்று பாவையை இயக்கும் தோற்பாவைக் கூத்தன் நினைவுக்கு வருகிறான். அவனைப் போலவே இதுவும் இறகுகளின் இடுக்கு வழியே எட்டி, பார்ப்பவள் என்ன நினைக்கிறாள் என்று நோக்குவதுண்டு. மலாய்த் தீபகற்பக் காடுகளில் பொறுமையாய்க் காத்திருந்து இவ்வாட்டத்தின் அங்கங்களை வகைப்படுத்தி எழுதிய டேவிசன் போன்ற பறவையியலாளரின் உழைப்பால்தான் இவ்வளவும் நமக்குத் தெரியவந்திருக்கிறது.

அந்தக் கண்களைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். ஒவ்வொன்றும் தட்டையான இறகின்மேல் வரைந்த வட்டமே. ஆனால் பார்ப்பவருக்கு அது வட்டமாகத் தோன்றுவதில்லை, குழியில் பொருந்தி நிற்கும் கோலிகுண்டாகவே தோன்றுகிறது. ஓவியன் ஒரு மாங்கனியை எழுதும்போது ஒருபக்கம் கருமையைக் கூட்டி, ஒருபக்கம் வெண்மையை இட்டுத் திரட்சியை வருவிப்பானே, அதே உத்தி இங்கே இயற்கையாய் அமைந்திருக்கிறது. அதிலும் ஒரு நுட்பம்: ஆடும் நிலையில் இறகு நிமிர்ந்து நிற்கையில், வெள்ளொளி ஒவ்வொரு குண்டின் மேல்விளிம்பில் அமைகிறது, வானத்து வெளிச்சம் மேலிருந்து விழுவதைப் போல. சிறகு மடங்கியிருக்கும்போது இந்தச் சித்திரம் யார் கண்ணிலும் படாது.

1871-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மனிதனின் தோற்றம்’ என்னும் நூலில் டார்வின் இந்த ஓர் இறகுக்காகப் பல பக்கங்களைச் செலவிட்டார். காரணம் உண்டு. கைதேர்ந்த சித்திரக்காரன் எழுதினாற்போன்ற இந்தக் கண்கள் சிறிது சிறிதாக உருவாகியிருக்க முடியுமா என்பது அவரை எதிர்த்தோர் எழுப்பக்கூடிய வலிய ஆட்சேபம். டார்வின் அதற்கு விடையை அதே பறவையிடம் தேடினார். ஒரே பறவையின் இறகுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில், வெறும் கரும்புள்ளி, நீண்ட புள்ளி, வளைந்த கோடு, பாதி மூடிய வளையம், முழுமையடைந்த கண் என்று படிப்படியான மாற்றங்கள் அத்தனையும் காணக் கிடைத்தன. கோலம் போடப் பழகும் சிறுமியின் நோட்டுப்புத்தகம் முதற் புள்ளியிலிருந்து கடைசித் தேர் வரை நம் கையில் அகப்பட்டதற்கு ஒப்பாகும் இது. இந்தக் கண்களைத் தீட்டியவை, தலைமுறை தலைமுறையாக அரங்கின் எதிரே நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்த பெண்பறவைகளின் கண்களே என்பது அவர் கொள்கை.

வாலஸ் இதை ஏற்கவில்லை. கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெட்டைக்கு இத்தனை நுண்ணிய ரசனை உண்டு என்பது அவருக்குப் பொருந்தாததாகத் தோன்றிற்று. ஆணின் உடல்வலிமையும் ஜீவசக்தியும் பொங்கி வழிவதே அலங்காரம் என்றார். விவாதம் அத்தோடு முடியவில்லை. 1930-இல் ரொனால்ட் ஃபிஷர், விருப்பமும் அலங்காரமும் ஒன்றையொன்று தூண்டி இரண்டும் கட்டுக்கடங்காமல் ஓடிவிடக்கூடும் என்று கணித நோக்கில் விளக்கினார். 1975-இல் அமோட்ஸ் ஸஹாவி, இவ்வளவு பாரத்தைச் சுமந்தும் உயிரோடிருக்கிறேன் பார் என்று ஆண் காட்டும் அத்தாட்சியே அழகு என்றார். 2017-இல் ரிச்சர்ட் பிரம், ஆர்கஸையே தம் வாதத்தின் முக்கிய சாட்சிகளில் ஒன்றாக நிறுத்தி, அழகு வேறெதற்கும் அத்தாட்சியாக இருக்கவேண்டியதில்லை, ரசிப்பவள் ஒருத்தி இருந்தாற்போதும் என்று டார்வினின் பக்கத்தை மீண்டும் நிலைநாட்ட முயன்றார். இன்றும் அறிஞர் உலகம் ஒருமனப்படவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதி: ஆடுபவன், அரங்கு, ரசிகை என்னும் மூன்றும் கூடாமல் அந்த இறகு உண்டாகியிராது.

பறவையின் ஆட்டத்திலிருந்து மனிதனின் ஆட்டத்துக்கு வருவோம். நந்திகேசுவரர் பெயரால் வழங்கும் அபிநயதர்ப்பணம் நாட்டிய நடைகள் பத்தைக் கூறுகிறது: அன்னம், மயில், மான், யானை, குதிரை, சிங்கம், பாம்பு, தவளை ஆகியவற்றின் நடைகள் எட்டு, அவற்றுக்குப் பின்னே வீரநடையும், எல்லாவற்றுக்கும் கடைசியாக மானிட நடையும். நடக்கக் கற்றுக்கொடுத்தவர்களை முன்னே நிறுத்தி, கற்றுக்கொண்டவனைக் கடைசியில் நிறுத்திய அந்த வரிசை எண்ணத் தக்கது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தோர் முருகன் கோயில் காவடியோடு மயிலிறகையும் கொண்டுவந்தனர். மயிலாட்டமும் அவ்வாறே வந்தது. அதே சமயம், அகநானூற்றின் 82-ஆம் பாட்டில் கபிலர், துளைபட்ட மூங்கிலில் காற்று குழலூத, அருவி முழவாக, குரங்குகள் வியந்து நோக்க, மலையில் ஆடும் மயிலைக் களம் புகுந்த விறலிக்கு ஒப்பிடுகிறார். ஆட்டக்காரி மயிலைப் பார்த்துக் கற்றாள். கவியோ ஆட்டக்காரியைக் கொண்டு மயிலை அளந்தார். பார்வை இருபுறமும் செல்லும் உறவு அது.

தென்கிழக்காசியாவிலும் இவ்வுறவு உண்டு. பாலித் தீவில் 1988-ஆம் ஆண்டில் ஸ்வஸ்தி விஜய பண்டெம் என்னும் அம்மையார் அமைத்த ‘செண்ட்ரவாசி’ நடனத்தில், இரண்டு பெண்கள் ஆண் பெண் சொர்க்கப் பறவைகளாக வந்து, காதலூடலை ஆடிக்காட்டுகிறார்கள். சரவாக் மாநிலத்தில் கென்யா இனத்துப் பெண்கள் இருவாசியின் இறகுகளைக் கையிற்கொண்டு, சிறகசைவை மெல்ல மெல்ல ஆடுவார்கள். இபான் வீரர்களின் ‘ஙாஜாட்’ ஆட்டத்தில் தலையணியில் நிமிர்ந்து நிற்கும் இறகுகளில் ஆர்கஸின் இறகும் ஒன்று. இபான் மொழியில் ஆர்கஸுக்கு ‘ருவாய்’ என்று பெயர். நீண்ட வீட்டில் எல்லோரும் கூடுகிற, ஙாஜாட் ஆடப்படுகிற பொதுத் திண்ணைக்கும் ‘ருவாய்’ என்றே பெயர். இரண்டு சொற்களுக்கும் பிறப்புறவு உண்டோ இல்லையோ, அரங்கைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடும் பறவையும் மனிதர் ஆடும் அரங்கும் ஒரே ஒலியில் நிற்பது காதுக்கு இனிமையாகவே இருக்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். மயில் வெட்டவெளியில் ஊரார் பார்க்க ஆடுகிறது. ஆகவே அதன் நடையும் கழுத்தசைவும் நம் ஆட்டத்துக்குள் புகுந்தன. ஆர்கஸ் அடர்காட்டின் இருளில் ஒரே ஒருத்திக்காக ஆடுகிறது. ஆகவே அதன் இறகு மட்டும் மனிதனின் தலைக்கு ஏறிற்று. அதன் அழகுக்குக் காரணம் சொல்ல வந்த பழங்கதைகளும் இறகைப் பற்றியே பேசுகின்றன. ஆர்கஸும் காகமும் ஒருவருக்கொருவர் வர்ணம் தீட்டிக்கொள்ள உடன்பட்டதாகவும், காகம் பாடுபட்டுத் தீட்டியபின் ஆர்கஸ் மைக்கூட்டைக் காகத்தின்மேல் கவிழ்த்துவிட்டதாகவும் மலாய்க் கதை கூறும். போர்னியோவின் காயான் மக்கள் காகத்தின் இடத்தில் செம்போத்தை வைத்து, வர்ணத்துக்குப் பதிலாகப் பச்சை குத்துதலைச் சொல்வார்கள். ஆட்டத்தைப் பற்றிய கதையை விட அணியைப் பற்றிய கதையே நிலைத்தது. காணாத ஆட்டத்துக்குக் கதை சொல்வது எவ்வாறு?

இன்று அந்த ஆட்டம் நாம் காண்பதற்கு முன்பே மறையும் நிலையில் இருக்கிறது. ரப்பர் நாற்று 1877-ஆம் ஆண்டில் இதே பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டது. அதைத் தொடர்ந்த தோட்ட யுகத்தில் சமவெளிக் காடுகளே முதலில் வெட்டுண்டன. ஆர்கஸ் பெரும்பாலும் அந்தச் சமவெளியையும் தாழ்குன்றுகளையுமே நம்பி வாழ்வது. உச்சிமலை அதற்கு வீடன்று. நம் முன்னோர் வரிசை பிடித்துப் பால்வெட்டிய நிலங்களிற் சில, அதற்கு முன் யாரோ ஒருவன் கூட்டி வைத்த அரங்குகளாய் இருந்திருக்கும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கூலிக்கு வந்தவர்களுக்குக் காட்டின்மேல் அதிகாரம் இருந்ததில்லை. ஆனால் அறிந்துகொள்வது நலம். காடு சுருங்கியதோடு, கண்ணி வைப்போரின் கம்பிகளும் சேர்ந்தன. பெண் ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டைகள் இட்டு, 24 அல்லது 25 நாட்கள் தனியே அடைகாத்து, குஞ்சுகளையும் தனியே வளர்ப்பதால், இழப்பை ஈடுசெய்வது அதற்கு எளிதன்று. 2020-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. மலேசியத் தீபகற்பத்தில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காவலாக இருக்கிறது. மேற்குச் சுமத்ரா மாநிலம் இதைத் தன் அடையாளப் பறவையாகவே கொண்டிருக்கிறது.

எச்சரிக்கை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மலாய்த் தீபகற்பத்துக்கும் ஒருகாலத்தில் சொந்தமாக ஒரு மயில் இருந்தது: பச்சை மயில். கடந்த நூற்றாண்டிலேயே அது இந்நாட்டிலிருந்து அடியோடு மறைந்துவிட்டது. இன்று நம் கோயில்களில் ஆடப்படும் மயிலாட்டத்துக்குரிய பறவை இந்தியாவில் செழித்து வாழ்கிறது. இந்த மண்ணின் மயிலை ஆடிக்காட்டுவதற்கு, பார்த்துக் கற்றுக்கொள்ள இங்கே ஒன்றுமில்லை.

காட்டில் ஆர்கஸைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் பறவையைக் காண்பதைவிட முதலில் அதன் தரையைத்தான் காண்கிறார்கள். குன்றின் முதுகில் ஏறுகையில், கணுக்கால் புதையும் சருகுக்கு நடுவே, திடீரென்று வெறும் மண் தெரியும் ஓரிடம் தென்பட்டால், ஆடுபவன் உயிரோடிருக்கிறான், நேற்றும் இங்கே வந்திருக்கிறான் என்று அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். அதே இடத்தில் சில நாட்கள் கழித்து இலைகள் உதிர்ந்து அப்படியே கிடந்தால், அவர்கள் நெஞ்சில் ஒரு சம்சயம் எழும். மேலும் சில வாரங்கள் சென்று, அந்த இலைகளுக்கு நடுவே ஒரு நாற்று முளைத்து இரண்டு இலை விட்டிருந்தால், பிறகு எதையும் கேட்கவேண்டியதில்லை.